செருப்பு கொடுத்தோம், விலை கொடுத்தோமா?

2018 மார்ச் 11. செம்பூர் சேடா நகரை ஒட்டிய நெடுஞ்சாலையில் சிவப்புக் கொடிகளும் சிவப்புத் தொப்பிகளும் கடந்து போனதை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிசான் சபா நடத்திய விவசாயிகள் பேரணி. நாசிக்கிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் நடை, பலர் வெறுங்காலோடு. வெடித்த பாதங்களின் படம் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. சோமையா மைதானத்தில் இளைப்பாறியவர்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று, விடிவதற்குள் ஆசாத் மைதானம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நகரம் உருகிப்போனது. வழியெங்கும் தண்ணீர், பிஸ்கட், செருப்பு. டப்பாவாலாக்கள் சாப்பாடு கொடுத்தார்கள். அன்றே அரசு எழுத்தில் உறுதி தந்தது; சிறப்பு ரயிலில் ஊர் திரும்பினார்கள்.

வன நிலப் பட்டா, கடன் தள்ளுபடி, ஆற்று நீர் என்று அவர்களுடைய கோரிக்கைகள் பல. அவற்றைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. எனக்கு உறுத்துவது வெங்காயம்.

ஐந்து வருடம் கழித்து, 2023 மார்ச்சில், திண்டோரியிலிருந்து மறுபடி கிளம்பினார்கள். இந்தத் தடவை முதல் கோரிக்கையே காந்தா, அதாவது வெங்காய விலை. ஊர்வலம் தானே மாவட்டத்து வாசிந்தில் நின்றது. பேச்சுவார்த்தை முடிந்து அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள். மும்பை அவர்களைப் பார்க்கவே இல்லை. பார்க்காததால் உருகவும் இல்லை.

அதற்குச் சில வாரம் முன்புதான் சோலாப்பூர் மண்டியில் ஒரு விவசாயி 512 கிலோ வெங்காயம் விற்றார். கிலோ ஒரு ரூபாய். வண்டி வாடகை, ஏற்றுகூலி, எடைக்கூலி எல்லாம் கழித்து மிஞ்சியது 2 ரூபாய் 49 காசு. கைக்கு வந்தது இரண்டு ரூபாய்க்குக் காசோலை, அதுவும் பின்தேதியிட்டு! பங்குனி, சித்திரையில் எடுக்கும் வெங்காயத்தைக் காற்றோட்டமான கொட்டகையில் போட்டு, ஐப்பசி வரைகூட வைத்திருந்து விற்கலாம். தை, மாசியில் வரும் சிவப்பு வெங்காயம் அப்படித் தாங்காது. பிடுங்கினால் விற்றாக வேண்டும், என்ன விலையானாலும். அந்த நேரம் பார்த்து வரத்து குவிந்தால் கதை முடிந்தது.

சரி, விலை ஏறும்போதாவது அவர்கள் சம்பாதிக்கிறார்களா? அங்கேதான் நாம் வருகிறோம். அதே 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீதத் தீர்வை. லாசல்காவ் வெங்காய மண்டியில் ஏலமே நின்றது. தீபாவளியை ஒட்டி மாதுங்கா மார்க்கெட்டில் விலை எகிறியபோது நாம் போட்ட கூச்சல் கொஞ்சமா! டிசம்பர் 8-ல் ஏற்றுமதிக்கே தடை. சாந்த்வடில் விவசாயிகள் மும்பை-ஆக்ரா நெடுஞ்சாலையை மறித்தார்கள். தடை விலக 2024 மே ஆனது. தீர்வை முழுதும் போனது 2025 ஏப்ரல் 1-ல்தான்.

தாராவியில் தினக்கூலியில் அடுப்பெரியும் வீட்டுக்கு வெங்காயம் எண்பது ரூபாய் என்றால் தாங்காது, அதனால் கட்டுப்பாடு தேவை என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் அந்த வீட்டின் பெயரைச் சொல்லி மலிவாக வாங்கிப்போவது சாம்பாருக்குச் சின்ன வெங்காயமும் ஊத்தப்பத்துக்குப் பெரிய வெங்காயமும் பார்த்துப் பொறுக்கும் நாம்தான். தாராவிக்காரருக்கு ரேஷனில் மானியம் கொடுத்துத் தொலைக்கட்டுமே. அதை ஏன் நாசிக் விவசாயியின் மடியிலிருந்து எடுக்க வேண்டும்?

கும்பகோணத்துக்காரரான எம்.எஸ்.சுவாமிநாதன் பெயரை மராத்தி விவசாயிகள் முழக்கமாகவே போடுகிறார்கள். அவர் தலைமையிலான ஆணையம் சொன்ன ‘செலவுக்கு மேல் பாதி’ கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். நமக்கும் பெருமைதான். ஆனால் வெங்காயத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையே கிடையாது. நெல், கோதுமை, பருப்பு, பருத்தி என்று போகும் அந்த இருபத்துச் சொச்சப் பயிர்களின் பட்டியலில் அது இல்லை. அழுகும் பொருளுக்கு எப்படி விலை நிர்ணயிப்பது என்கிறார்கள். ஏறும்போது தடை போட மட்டும் அழுகல் ஒரு தடையாக இருந்ததில்லை.

2023-ல் நடந்து வந்தவர்கள் கேட்ட ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,000 ரூபாய், அதாவது கிலோ இருபது. அரசு தந்தது குவிண்டாலுக்கு 350 ரூபாய் மானியம். அந்த இருபது ரூபாய்க்கு மேல் கொடுத்துத்தானே வருடத்தில் பெரும்பாலான நாள் நாம் வெங்காயம் வாங்குகிறோம்? வாஷி மொத்தச் சந்தைக்கும் லாசல்காவுக்கும் நடுவில் அந்தக் காசு எங்கே இறங்கிக்கொள்கிறது?