'புஷ்' என்றால் இழு

சென்ற கோடை விடுமுறையில் தடையின்மைச் சான்று பெற்று, போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகருக்குப் பத்து நாள் சென்று வந்தேன். தங்கை குடும்பம் அங்கே இருக்கிறது. காலையில் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மாலை வரை நான் தனி. இத்தனை ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறோமே, அது போதாதா என்ற தைரியத்தில் முதல் நாள் வெளியே இறங்கினேன்.

தெருமுனையில் ஒரு பேக்கரி. கண்ணாடிக் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளே இருந்த மூதாட்டி 'புஷ், புஷ்' என்று கையசைத்தார். இன்னும் பலமாகத் தள்ளினேன். அவர் மறுபடியும் 'புஷ்' என்றார். கடைசியில் அவரே எழுந்து வந்து உள்ளிருந்து திறந்துவிட்டார். போர்த்துகீசியத்தில் 'புஷ்' என்றால் 'இழு' என்று பொருளாம்! தெரிந்த ஆங்கிலமே அன்று எனக்கு எதிரியாக நின்றது.

உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலருக்கு ஆங்கிலம் தெரியும். அல்ஃபாமா போன்ற பழைய பகுதிகளில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர்களிடம் அது அவ்வளவாகச் செல்லாது. அவர்களுக்காகச் சில சொற்கள் வேண்டும். காலையில் 'போம் தியா', பிற்பகலில் 'போவா தார்த்', இரவில் 'போவா நோய்த்'. கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். நன்றி சொல்லும்போது ஆண் 'ஒப்ரிகாது' என்பார், பெண் 'ஒப்ரிகாதா' என்பார். கேட்பவரின் பாலைப் பொறுத்து அன்று, சொல்பவரின் பாலைப் பொறுத்து இது மாறும்.

சொற்களைவிட ஒலிகள்தான் எனக்குச் சிக்கல். மெட்ரோவில் பலகையைப் பார்த்து 'கெய்ஸ் டூ சோட்ரே' போக வேண்டும் என்று ஒருவரிடம் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எழுதிக் காட்டியதும் 'ஆ, காய்ஷ் து சுத்ரே!' என்றார். சொல்லின் கடைசியில் 'எஸ்' வந்தால் அங்கே அது 'ஷ்' ஆகும், கடைசி 'ஓ' 'உ' ஆகும், அழுத்தம் இல்லாத உயிரொலிகளைப் பாதி விழுங்கிவிடுவார்கள். அதனால் எழுத்தில் ஓரளவு ஊகிக்க முடிகிற சொல்கூடக் காதில் விழும்போது வேறொன்றாக இருக்கிறது. தாளில் படித்துவிடுகிற பிள்ளை, கேட்டல் பயிற்சியில் திணறுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஓர் ஒலி மட்டும் நமக்கு எளிது. ரொட்டிக்கு அவர்கள் சொல் 'பாவ்', ஆனால் மூக்கொலியோடு முடிய வேண்டும். (மும்பையின் பாவ் பாஜியில் உள்ள 'பாவ்' இதுதான்.) மூக்கொலி விடுபட்டால் அது 'கம்பு' என்றாகிவிடும். 'அவன் வந்தான்' என்று பேச்சு வழக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்' நாவில் முட்டாமல் மூக்கில் கரைகிறதல்லவா? அதே வேலைதான். எனக்கு முதல் முயற்சியிலேயே ரொட்டி கிடைத்தது!

தங்கை வீட்டில் தெரிந்த பொருள்களாகவே இருந்தன. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை, பொத்தான், வராந்தா எல்லாம் போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்த காலத்தில் தமிழுக்கு வந்தவை. சாவியை அவர்கள் இன்று 'ஷாவ்' என்கிறார்கள். அக்காலத்தில் அவர்களும் 'ச்' ஒலியோடுதான் சொன்னார்கள், நம் சொல் அந்தப் பழைய ஒலியை வைத்திருக்கிறது. 1554இல் லிஸ்பனிலேயே ஒரு தமிழ் நூல் ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கிறது என்பதையும் வகுப்பில் சொல்லலாம்.

நாள்களின் பெயர் இன்னொரு வேடிக்கை. ஞாயிறும் சனியும் தவிர மற்றவற்றுக்கு எண்ணுப்பெயர்கள். திங்கள் 'இரண்டாம் நாள்', வெள்ளி 'ஆறாம் நாள்'. எழுதுபொருள் கடை ஒன்றின் கதவில் '2 முதல் 6' என்று பார்த்து, என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்கச் சனிக்கிழமை மூன்று மணிக்குப் போய் நின்றேன். பூட்டியிருந்தது. அது மணிக்கணக்கு அல்ல, கிழமைக் கணக்கு.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 'சைங் கார்ன்', அதாவது இறைச்சி வேண்டாம் என்று ஓர் உணவகத்தில் சொன்னேன். காய்கறித் தட்டின்மேல் சூரை மீன் வந்தது. அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது. மறுநாள் முதல் 'சைங் பைஷ்' என்று மீனையும் சேர்த்து மறுத்தேன். கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டியும் ஒலிவக் காயும் இலவசம் என்று நினைக்க வேண்டாம். தொட்டால் பில்லில் ஏறும்.

தினமும் ஒரே கடையில்தான் காப்பி. லிஸ்பனில் சின்னக் கோப்பைக் கடுங்காப்பிக்குப் பெயர் 'பீக்கா'. முதல் நாள் வெறுமனே 'பீக்கா' என்றேன். கடைக்காரர் 'ஊமா பீக்கா' என்று சொல்லியபடியே கொடுத்தார். 'ஊமா' என்றால் 'ஒரு'. திருத்தவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் 'ஊமா பீக்கா' என்றேன். பக்கத்தில் நின்றவர் சொன்ன 'தயவுசெய்து' ஐந்தாம் நாள் என் வாயிலும் வந்துவிட்டது.

அப்போதுதான் என் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். 'டீச்சர், வாட்டர்' என்பான். முழு வாக்கியமாகச் சொன்னால்தான் போகலாம் என்பேன். சில வாரங்களில் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். இடைவேளை மணி அடிக்கும்வரை தாகத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறான். அந்தக் கடைக்காரர் என்னிடம் முழு வாக்கியம் கேட்டிருந்தால், நான் வேறு கடைக்குப் போயிருப்பேன். அவனுக்கு வேறு வகுப்பு இல்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் அவனை அழைத்து, தண்ணீர் வேண்டுமென்றால் எப்படி வேண்டுமானாலும் கேள் என்றேன். நம்பாமல் பார்த்தான். இரண்டு நாள் கழித்து 'டீச்சர், வாட்டர்' என்றான். 'யூ வான்ட் சம் வாட்டர்? கோ' என்றேன். ஓடினான். இப்போது 'சம் வாட்டர்' வரை வந்திருக்கிறது. 'ப்ளீஸ்' இன்னும் வரவில்லை.