கானாங்கெளுத்தி: பேர்ல கெளுத்தி இருக்கு, ஆனா கெளுத்தி இல்லை! எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்?

திண்டுக்கல் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. தாடிக்கொம்பு மாதிரி ஊர்களுக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில்தான் வந்து இறங்கணும். குளத்து மீனைப் பார்த்துப் பழகியவங்களுக்கு, கடையில் ‘கானாங்கெளுத்தி’ என்றதும் மீசை வைத்த கெளுத்திதான் நினைவுக்கு வரும். அதே மீனை ‘அயிலை’ என்று சொன்னால், ‘அயிரை’ என்று காதில் விழும். ரெண்டுமே தப்பு!

கானாங்கெளுத்தி என்றால் என்ன?

இது கடல் மீன். ஆங்கிலத்தில் ‘இந்தியன் மேக்கரல்’. வஞ்சிரம், சூரை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னைப் பக்கம் காணாங்கத்தை, கேரளாவில் அயல, கர்நாடகாவில் பங்குடே, இலங்கையில் கும்பளா என்று இதற்குப் பல பெயர்கள்.

அறிவியல் பெயரிலும் நம்ம ஊர் சொல்

இதன் அறிவியல் பெயர் ‘ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா’. இதில் ‘கனகுர்தா’ லத்தீன் இல்லை, தெலுங்கு! விசாகப்பட்டினத்தில் மீன்களை ஆராய்ந்த பேட்ரிக் ரஸ்ஸல், 1803-ல் வெளியான தன் நூலில் மீன்களை உள்ளூர்ப் பெயரோடு பதிவு செய்தார். 1816-ல் பிரெஞ்சு அறிஞர் குவியர் அந்தப் பெயரையே அறிவியல் பெயராக்கினார்.

கனகுர்தா, கானாங்கெளுத்தி... ரெண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்க. ஒலி நெருக்கம் புரியும். அதனால், கடைசியில் வரும் ‘கெளுத்தி’யை மட்டும் பிரித்து மீன் இனத்தை முடிவு செய்யக் கூடாது.

அயிலை: சங்க காலச் சொல்

‘அயிலை’ இன்னும் பழசு. அகநானூறு 60-ஆம் பாடலில், கடல் தொழிலுக்குப் போன அப்பாவுக்கு மகள் சோறு கொடுக்கிறாள். அதில் ஊற்றுவது அயிலை போட்ட புளிக்குழம்பு!

எப்படி அடையாளம் காண்பது?

- கானாங்கெளுத்தி (அயிலை): நீலப்பச்சை முதுகு, வெள்ளி வயிறு, முதுகோரம் கருங்கோடுகள். வால் பக்கம் குட்டிக் குட்டித் துடுப்புகள். மீசை இருக்காது.
- கெளுத்தி: நீண்ட மீசை, செதில் இல்லாத வழவழப்பான தோல்.
- அயிரை: விரல் நீளம்கூட வராத பொடி நன்னீர் மீன். மதுரை, திண்டுக்கல் பக்கம் அயிரைக் குழம்புக்குத் தனி மவுசு.

பெயர் தெரிவது ஏன் முக்கியம்?

கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால், அவற்றின் சதையில் ‘ஹிஸ்டமின்’ என்ற பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவப்பது, தடிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு வரலாம். பலர் இதை ‘மீன் அலர்ஜி’ என்றே நினைப்பாங்க. மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

கடலில் இருந்து தூரமா இருக்கிற ஊர்களில் இந்தக் கவனம் கூடுதலா தேவை. வாங்கும்போது மீன் ஐஸுக்குள் இருக்கிறதா, கண் தெளிவா இருக்கிறதா, செவுள் சிவப்பா இருக்கிறதா என்று பாருங்க. வீட்டுக்கு வந்ததும் சமைச்சிடுங்க, இல்லைன்னா உடனே ஃப்ரிட்ஜில் வைங்க.