உங்களுக்குத் தெரியுமா? சுவரை வளர்த்த பிரிகேட் ரோடு

பெங்களூருவின் வைட்ஃபீல்ட் காடுகோடியில் ஊதா வழித்தட மெட்ரோ ஏறி எம்.ஜி. ரோட்டில் இறங்கினால், பிரிகேட் ரோடு நடை தூரம்தான். அங்குள்ள புனித ஜோசப் வணிகவியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர், ‘சுவர்’ எனப் பெயர்பெற்ற கிரிக்கெட் வீரர் ராகுல் டிராவிட். பள்ளிப் படிப்பும் புனித ஜோசப் ஆண்கள் பள்ளியில்தான்! எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது இந்திய அணியின் அழைப்பு வந்தது. 1996 ஜூனில், லார்ட்ஸில் முதல் டெஸ்ட்; எடுத்தது 95. ஐந்தே ரன்னில் நழுவிய அந்தச் சதத்தை நினைத்தால் ரசிகர்களுக்கு இன்றும் மனசு வலிக்கும். டெஸ்டில் அவர் மொத்தம் சேர்த்தது 13,288 ரன்கள்.

இந்தக் கல்வி மரபின் வேர் 1882-ல் பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் ஊன்றியது. 1937-ல் இயேசு சபையினர் பொறுப்பேற்றனர். இம்மரபின் மூத்த கல்லூரியான புனித ஜோசப் கல்லூரி 2022-ல் புனித ஜோசப் பல்கலைக்கழகமானது. தொடங்கிவைத்தவர் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு.

அதே இயேசு சபையின் இன்னொரு பெருநகரப் பல்கலைக்கழகம், சிகாகோவின் லயோலா. 1963-ல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத்தை அது வென்றபோது, இறுதி ஆட்டத்தில் களமிறங்கிய முதல் ஐவரில் நால்வர் கறுப்பின இளைஞர்கள். நிறவெறி கோலோச்சிய காலத்தில், கோப்பையைவிடப் பெரிய வெற்றி அது.