கைக்கும் ஒரு கவசம்

மனிதன் தடுமாறி விழும்போது முதலில் நிலத்தைத் தொடுவது அவனுடைய கையே. ஆடை குலையும் வேளையில் நினையாமலே விரைந்து சென்று அதனைப் பற்றிக்கொள்ளும் கையைத் திருவள்ளுவர் உண்மை நட்புக்கு உவமையாக எடுத்தாண்டார். அந்த நண்பன் ஆடைக்கு மாத்திரமன்றி ஆபத்துக்கும் அழையாமலே வருகிறான். மோட்டார் சைக்கிளிலிருந்து சரியும் ஒருவன், கையை ஊன்றுவோமா, விடுவோமா என்று ஆலோசிப்பதில்லை. அவன் எண்ணத் தொடங்குமுன்பே கை தரையை நோக்கி நீண்டுவிடுகின்றது. முகத்திற் படவேண்டிய அடியை முன்சென்று தான் ஏற்கின்றது.

இத்தகைய நண்பனுக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? தலைக்குக் கவசம் அணிகின்றோம். சட்டமும் அதனைக் கட்டாயமாக்கியிருக்கின்றது. காலுக்குச் சப்பாத்து உண்டு. கையை மாத்திரம் வெறுங்கையாகவே வீதிக்கு அனுப்புகின்றோம்.

2018ஆம் ஆண்டு ஆனி மாத இறுதி. எம்மிடம் பௌதிகவியல் பயின்ற மாணவன் ஒருவன், மாலை வகுப்பு முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். சோளகக் காற்று வீதியோரத்து மணலை வாரித் தாரின்மேற் பரப்பியிருந்தது. வளைவொன்றில் முன்சில்லு அம்மணலில் வழுக்கியது. மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வேகம் இராது என்று பின்னர் சொன்னான். தலைக்கவசம் தலையைக் காத்தது. ஆனால் வலது உள்ளங்கையின் தோல் உரிந்துபோயிற்று. மணிக்கட்டில் எலும்பொன்றும் வெடித்திருந்தது. உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து வாரங்களே இருந்தன. பக்கம் பக்கமாகக் கணக்குச் செய்யவேண்டிய கை கட்டுக்குட் கிடந்தது. அவ்வாண்டு அவன் பரீட்சை எழுதவில்லை.

பார்க்கச் சென்றிருந்தபோது, "தம்பி, கையுறை ஒன்று போட்டிருக்கலாமே?" என்று கேட்டோம். அவன் குற்றஞ்சாட்டும் எண்ணமின்றி, உள்ளதை உள்ளபடி, "நீங்களும் போடுறேல்லைத்தானே, சேர்" என்றான்.

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. உண்மையில், எமது வீட்டு அலமாரியில் ஒரு சோடி கையுறை கிடந்தது. இலண்டனிலிருந்து மைத்துனர் அனுப்பியது, விலை உயர்ந்தது, பனிக்காலத்துக்கென உள்ளே தடித்த மெத்தை வைத்துத் தைத்தது. எமது வெயிலில் அதனை மூன்று நாள்கள் அணிந்தோம். கை புழுங்கி வியர்வையில் ஊறிற்று. போதாக்குறைக்கு அது ஓரளவு பெரிதாயும் இருந்தது. பிறேக்கைப் பிடிக்கும்போது விரல்நுனி மடிந்து தடுத்தது. நான்காம் நாள் கழற்றி வைத்தோம். அதன் பின்னர் எமது மாணவர் கண்டதெல்லாம் வெறுங்கையோடு வண்டியோட்டும் ஆசிரியரைத்தான்.

அலமாரியிற் கிடக்கும் கையுறை எவரையும் காப்பதில்லை. ஆகவே, கோடைக்கேற்ற குளிர்ச்சியும் கைக்கேற்ற அளவும் வெறும் சௌகரியங்கள் அல்ல. அவையே பாதுகாப்பின் முதற் பகுதி. இவ்விரண்டும் இல்லாத கையுறை ஒன்றில் வீட்டில் தங்கிவிடும், அன்றேல் விழும்போது கழன்றுவிடும்.

ஒன்றரை விநாடியில் நடப்பது

விழுந்தவன் வீதியில் எவ்வளவு தூரம் இழுபடுவான்? மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். உடுப்புக்கும் தாருக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகத்தை 0.6 எனக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் விழுந்தவன் ஓய்வுக்கு வர ஏறக்குறைய 1.4 விநாடி செல்லும். அதற்குள் 6 மீற்றர் வரை இழுபடுவான். வேகம் 50 கிலோமீற்றராயின் நேரம் 2.4 விநாடியாகும், தூரமோ 16 மீற்றரை எட்டும். வேகம் இரு மடங்காகுமுன்பே தூரம் இரு மடங்கைத் தாண்டிவிடுகின்றது என்பதைக் கவனிக்க. வெறும் தோலை ஆறு மீற்றர் கரடுமுரடான தாரில் தேய்ப்பதை எண்ணிப் பார்த்தால் மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

தேய்வு ஒரு புறமிருக்க, முறிவு மறுபுறம். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் எட்டு மணிக்கட்டில் அடங்கியவை. பெருவிரற் பக்கமாக அமைந்த ஒன்றைப் படகெலும்பு என்பர். அவ்வெட்டு எலும்புகளுள், ஊன்றிய கையோடு விழுவோருக்குப் பெரும்பாலும் முறிவது அதுவே. அதற்குச் செல்லும் இரத்தத்தின் பெரும்பகுதி விரல்களை நோக்கிய முனையால் உட்புகுந்து பின்னோக்கிச் செல்வதால், நடுவில் முறிந்தால் மறுமுனைக்கு ஊட்டம் குன்றும். பொருந்துவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். முதல் நாள் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் இம்முறிவு தோன்றாமற் போவதும் உண்டு. எனவே, விழுந்தபின் பெருவிரலின் அடியில் நோவு நீடித்தால், "படத்தில் ஒன்றுமில்லை" என்று இருந்துவிடாது மீண்டும் வைத்தியரைக் காணவேண்டும்.

உள்ளங்கையின் அடிப்பாகம் தாரைப் பற்றி நின்றுவிட, உடல் முன்னோக்கிச் செல்லும்போது மணிக்கட்டு பின்புறமாக வளைந்து முறிகின்றது. நல்ல கையுறைகள் சிலவற்றில் அவ்விடத்தில் வழுவழுப்பான கடினத் துண்டொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் வேலை கையை நிலத்திற் பற்றவிடாது வழுக்கிச் செல்லவிடுவதே. கடையிற் கையுறையைக் கையிலெடுத்தவுடன் யாவரும் புறங்கையின் முட்டிக் காப்பையே பார்ப்பர், அதுவும் வேண்டியதே. ஆயினும் முதலிற் புரட்டிப் பார்க்கவேண்டியது உள்ளங்கையை.

வெயிலும் வியர்வையும்

சித்திரையில் ஞாயிறு எமது தலைக்கு நேரே நிற்கின்றது. அவ்வெயிலில் கையுறை அணிவதெங்ஙனம் என்ற கேள்வி நியாயமானதே. விடை வியர்வையிலேயே உள்ளது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 யூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றது. அவ்வெப்பத்தில் பெரும்பகுதி எமது தோலிலிருந்து செல்வதனாற் கை குளிர்கின்றது. ஆவியாவதற்கோ காற்றோட்டம் வேண்டும். ஓடும் வண்டியிற் காற்றுக்குக் குறைவில்லை. அதனைக் கையுறைக்குள் நுழையவிடுவதே கோடைக் கையுறையின் உபாயம்.

ஆகவே, புறங்கைப் பகுதி வலைத்துணியாலோ நுண்டுளைகள் இட்ட தோலாலோ அமைந்திருத்தல் வேண்டும். அப்பகுதியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மறுபுறத்துக் கையில் மூச்சுப் பட்டால் காற்று உட்செல்லும் என்று கொள்ளலாம். உள்ளங்கையிலோ துளையும் வலையும் வேண்டா. அங்கே முழுத்தோல் இருக்கட்டும். ஆட்டுத்தோல் மெல்லியதாயும் உறுதியாயும் இருப்பதாற் கைபிடியின் உணர்வை மறைப்பதில்லை. மழை புகாத உட்சவ்வு வைத்த கையுறைகளைக் கோடைக்கு வாங்கலாகாது. மழையைத் தடுக்கும் சவ்வு காற்றையும் தடுக்கும்.

எமது சகோதரிகள் பலர் ஸ்கூட்டர் ஓட்டும்போது வெயிலுக்கெனப் பருத்திக் கையுறை அணிகின்றனர். வழக்கம் நல்லதே, கையில் ஏதேனும் அணியும் பழக்கத்தை ஆடவரைவிட அவர்களே முன்னர் கற்றுள்ளனர். ஆனால், பருத்தி வெயிலைத் தடுக்கும், தாரைத் தடுக்காது. மெல்லிய நைலோன் துணி உராய்வின் சூட்டில் உருகவும் கூடும். விரல்நுனி வெட்டப்பட்ட கையுறைகளோ விரல்களைக் கைவிட்டுவிடுகின்றன. பருத்திக்குப் பதிலாகத் தோலுள்ளங்கையும் வலைப்புறங்கையும் கொண்ட ஒன்றை அணிந்தால் வெயிலுக்கும் விழுகைக்கும் ஒன்றே போதும்.

அளவு பார்க்கும் முறை

கையுறைக்கு அளவெண் வகுத்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கையுறைத் தொழிலாளர் சேவியர் ஜூவேன் ஆவார். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர் பலருடைய கைகளை ஆராய்ந்து, அளவு வரிசைகளை வகுத்து, அவற்றுக்கேற்பத் தோல் வெட்டும் முறையை அமைத்தார். சட்டையை உத்தேசமாக வாங்கலாம், கையுறையை அவ்வாறு வாங்கலாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தையற்காரரின் அளவுநாடாவை எடுத்து, எழுதும் கையின் உள்ளங்கையைச் சுற்றி, பெருவிரலை நீக்கி, விரல்முட்டிகளின் மேலாக அளவுங்கள். அங்குலக் கணக்கில் வருவதே பொதுவான அளவெண்: சுற்றளவு ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் என்றால் 7, 20 என்றால் 8, 23 என்றால் 9. நடுவிரலின் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை நீளத்தையும் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுக. அட்டவணைகள் தம்முள் வேறுபடும். பெண்கள் ஆண்களின் கையுறையை வாங்க நேர்ந்தால் விரல்கள் நீண்டு நிற்கின்றனவா என்று சிறப்பாகக் கவனிக்கவேண்டும்.

அணிந்து பார்க்கையில் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது: விரல்நுனிக்கும் உறையின் நுனிக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வெற்றிடம் இருத்தலாகாது. இரண்டாவது: கைபிடியைப் பற்றுவதுபோல விரல்களை மடக்குங்கள். உள்ளங்கையில் தோல் மடிந்து திரளுமாயின் உறை பெரிது. விரலிடுக்குகள் இழுத்து நோகுமாயின் சிறிது. கையை விரித்து வைத்துப் பார்த்தால் இது தெரியாது. மூன்றாவது: பிறேக்கையும் கிளச்சையும் பிடித்து, சைகை விளக்கின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நான்காவது எல்லாவற்றிலும் பெரிது: மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிக் கட்டியபின், மறு கையால் விரல்நுனிகளைப் பிடித்து இழுங்கள். உறை கழன்றால் அதனை அங்கேயே வைத்துவிட்டு வருக. இவ்விழுப்புக்குக் கழன்றது வீதியின் இழுப்புக்கு நில்லாது.

தோல், பழகப் பழகச் சிறிது நெகிழ்ந்து கைக்கு இசைந்துவரும். செயற்கைத் துணி அவ்வாறு நெகிழாது. ஆகவே, தோலுறை புதிதில் ஓரளவு இறுக்கமாக இருப்பது குற்றமன்று.

முத்திரையைப் படித்தல்

தடித்த பிளாஸ்ரிக் ஒட்டி, வீராவேசமாகத் தோன்றும் உறைகள் யாவும் காப்புடையவை அல்ல. மோட்டார் சைக்கிள் கையுறைகளுக்கு ஐரோப்பிய நியமம் ஒன்று உண்டு. அதன் எண் 13594. உறையின் உட்சீட்டில் அவ்வெண்ணும், மோட்டார் சைக்கிளோட்டியின் உருவமும், 1 அல்லது 2 என்ற நிலையும் பொறிக்கப்பட்டிருக்கும். 2015ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, உராய்வுச் சோதனையில் உள்ளங்கைப் பகுதி கிழியாது நிற்கவேண்டிய காலம் முதலாம் நிலைக்கு 4 விநாடி, இரண்டாம் நிலைக்கு 8 விநாடி. முட்டிக் காப்பு சோதிக்கப்பட்டதாயின் கே, பி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் காணப்படும். பட்டி கட்டியபின் உறை எளிதிற் கழலாதிருத்தலும் அந்நியமத்தின் விதிகளுள் ஒன்று.

சோதனைக்கூடத்து விநாடியும் வீதியின் விநாடியும் ஒன்றல்ல; எனினும், சோதிக்கப்பட்டதற்கும் படாததற்கும் வேறுபாடு பெரிது. எமது கோடைக்கும் ஊர்ப் பயணத்துக்கும் முதலாம் நிலையைச் சேர்ந்த, காற்றோட்டமுள்ள, கைக்குப் பொருந்திய உறை போதுமானது. அலமாரியிலுள்ள இரண்டாம் நிலையைவிடக் கையிலுள்ள முதலாம் நிலை மேலன்றோ!

வாங்கியபின் பேணுதலும் வேண்டும். வியர்வையின் உப்பு தோலை விறைக்கச் செய்யும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துக; வெயிலில் எரிபொருட் தாங்கியின்மேற் காயவைத்தல் தகாது. தையல் பிரிந்ததும், ஒருமுறை விழுந்து தேய்ந்ததும் தம் கடமையை முடித்தவை.

அம்மாணவன் மறு ஆண்டு பரீட்சை எழுதித் தேறினான். அவனுடைய மணிக்கட்டு இன்றும் முழுமையாகப் பின்னோக்கி மடங்குவதில்லை. நெடுநேரம் எழுதினால் நோகிறது என்பான். அவன் விழுந்த அதே மாதத்தில் எமக்கெனக் கோடைக் கையுறை ஒன்றை அளந்து வாங்கினோம். அளவெண் 9, துளையிட்ட ஆட்டுத்தோல். கல்லூரி வாயிலில், மாணவர் கலைந்து செல்லும் வேளையில், தலைக்கவசத்தை அணிந்தபின் அதனை ஆறுதலாக அணிந்துகொள்கின்றோம். அதனைக் குறித்து நாம் ஒன்றும் சொல்வதில்லை. வகுப்பிற் சொன்ன பாடங்களை மாணவர் மறப்பதுண்டு. நாம் செய்வதை அவர்கள் மறப்பதில்லை என்பதை ஒருவன் எமக்கு முன்னரே கற்பித்துவிட்டான்.