பாதியில் நின்ற வேலை எங்கிருந்து தொடரணும்? டிபிஓஎஸ் என்கிற குட்டி வொர்க்ஃப்ளோ இன்ஜின்

இன்னிக்கு எபிசோட் ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்குது.

நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். சின்ன கம்பெனி. டிக்கெட் விக்கிற தொழில். ஒரு நிகழ்ச்சி ரத்தாகிடுச்சு, டிக்கெட் வாங்கின எல்லாருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பணும். அந்த ஸ்கிரிப்டை எழுதினது நான்தான். ஒரு ஆளுக்கு மூணு வேலை. பேமென்ட் கேட்வேகிட்ட ரீஃபண்ட் போடச் சொல்லணும், எங்க டேட்டாபேஸ்ல "அனுப்பியாச்சு"ன்னு எழுதணும், அவருக்கு எஸ்எம்எஸ் போகணும். சீக்கிரம் ஓடட்டும்னு, டேட்டாபேஸ்ல எழுதுறதை மட்டும் 100 பேருக்கு ஒரு தடவைன்னு மொத்தமா வெச்சேன். ராத்திரி ஓடவிட்டுட்டுத் தூங்கிட்டேன்.

நடு ராத்திரி சர்வர் ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. ஸ்கிரிப்ட் மறுபடி ஓடிச்சு. பணம் போயிருந்தும் "அனுப்பியாச்சு"ன்னு எழுதப்படாம இருந்தவங்களுக்கு எல்லாம் ரெண்டாவது தடவை பணம் போச்சு. காலையில பார்த்துப் பதறிப் போய், நான் கையாலேயே சில வரிகளை "அனுப்பியாச்சு"ன்னு மாத்தினேன். அதுல பணம் போகாதவங்களும் சிக்கிட்டாங்க.

10 மணிக்கு ஒரு பெரியவர் போன். "தம்பி, எனக்கு ரெண்டு தடவை பணம் வந்திருக்கு. உங்க சம்பளத்துல பிடிச்சிடப் போறாங்கப்பா, எப்படித் திருப்பி அனுப்புறதுன்னு சொல்லுங்க" அப்படின்னார். மத்தியானம் ஒரு அக்கா. "எஸ்எம்எஸ் வந்துச்சு, பணம் வரலை. மாசக் கடைசி தம்பி." முதல் போனுக்கு வெட்கப்பட்டேன். ரெண்டாவது போனுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை. ஏன்னா எங்க டேபிள்ல அவங்க பேருக்கு நேரா "அனுப்பியாச்சு"ன்னு இருக்கு. அது உண்மையா, நான் காலையில கையால மாத்தினதான்னு எனக்கே தெரியாது.

பாதியில நின்ன வேலை எங்கிருந்து தொடரணும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்றதுதான் வொர்க்ஃப்ளோ இன்ஜினோட வேலை.

மொய் நோட்டு

கல்யாண வீட்ல மொய் எழுதுறவரைப் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் பணம் கொடுத்தா உடனே பேரும் தொகையும் நோட்டுல ஏறணும். எழுதுறவர் சாப்பிட எழுந்து போனா இன்னொருத்தர் வந்து உட்காருவார். அவர் "இதுவரைக்கும் யார் யார் கொடுத்தாங்க?"ன்னு மண்டபம் முழுக்கப் போய்க் கேட்கிறதில்லை. கடைசி வரியைப் பார்ப்பார், அடுத்த வரியில இருந்து எழுதுவார். ஆள் மாறினாலும் கணக்கு மாறாது. நான் பண்ணினது என்ன? 100 பேர்கிட்ட பணத்தை வாங்கிட்டு, அப்புறமா ஞாபகத்துல இருந்து நோட்டுல ஏத்தின கதை.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது புதுசில்லை. டேட்டாபேஸ் பேப்பர்ல ரைட் அஹெட் லாக்கிங்னு 16 மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணியிருப்போம். டேட்டாபேஸ் தன் வேலையைக் காப்பாத்திக்கிற அதே புத்தியை, நம்ம அப்ளிகேஷன் கோடுக்கும் கொண்டு வந்தா அதுதான் டியூரபிள் எக்ஸிக்யூஷன்.

யோசனையும் பழசுதான். அமேசான் 2012ல சிம்பிள் வொர்க்ஃப்ளோ சர்வீஸை வெளியிட்டாங்க. அதுல வேலை பார்த்த அனுபவம் ஊபருக்குப் போய் கேடன்ஸ் ஆச்சு. கேடன்ஸை உருவாக்கின மாக்சிம் ஃபதேயெவும் சமர் அப்பாஸும் 2019ல டெம்போரல் ஆரம்பிச்சாங்க. டெம்போரல் நல்ல சாமான், சந்தேகமே இல்லை. ஆனா அதுக்குன்னு தனியா ஒரு சர்வர் வேணும், அதைப் பார்த்துக்க ஆள் வேணும், இல்லைன்னா அவங்க கிளவுடுக்குப் பணம் கட்டணும். நாலு பேர் இருக்கிற டீமுக்கு அது தெருமுனைக் கடைக்குப் போக லாரி எடுக்கிற மாதிரி.

டிபிஓஎஸ் வேற வழியில போகுது. எம்ஐடியும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து பண்ணின ஆராய்ச்சியில இருந்து வந்தது. போஸ்ட்கிரெஸை உருவாக்கின மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் ஸ்பார்க்கை உருவாக்கின மட்டேய் ஜஹாரியாவும் இதுக்குப் பின்னாடி இருக்காங்க. அவங்களோட டிரான்ஸாக்ட் வெறும் லைப்ரரி. ஓப்பன் சோர்ஸ், எம்ஐடி லைசன்ஸ். தனி சர்வர் கிடையாது. நம்ம கையில ஏற்கெனவே இருக்கிற போஸ்ட்கிரெஸ்தான் மொய் நோட்டு. முதல்ல டைப்ஸ்கிரிப்ட், அப்புறம் பைத்தான், இப்போ கோ, ஜாவா வரைக்கும் வந்துடுச்சு.

உள்ளே என்ன நடக்குது?

பைத்தான்ல வெச்சுச் சொல்றேன். முழு ரீஃபண்ட் ஃபங்ஷன் தலையில வொர்க்ஃப்ளோன்னு ஒரு டெக்கரேட்டர். உள்ளே இருக்கிற மூணு வேலைக்கும் ஸ்டெப்னு ஆளுக்கொரு டெக்கரேட்டர். அவ்வளவுதான்.

வொர்க்ஃப்ளோ ஆரம்பிக்கும்போது அதோட ஐடியும் இன்புட்டும் போஸ்ட்கிரெஸ்ல ஏறும். ஒவ்வொரு ஸ்டெப் முடியும்போதும் அதோட விடை ஏறும். நடுவுல சர்வர் செத்துப் போச்சுன்னு வைங்க. திரும்ப எழும்போது லைப்ரரி முடியாத வொர்க்ஃப்ளோ எது எதுன்னு பார்க்கும். அந்த ஃபங்ஷனை முதல் வரியில இருந்தே மறுபடி ஓட்டும். ஆனா முடிஞ்ச ஸ்டெப் வரும்போது அதை ஓட்டாது, நோட்டுல எழுதி வெச்ச விடையை எடுத்துக் கொடுத்துட்டு நகர்ந்துடும். எழுதப்படாத முதல் ஸ்டெப் வந்த உடனே நிஜமா ஓட ஆரம்பிக்கும்.

வொர்க்ஃப்ளோ ஐடியை நாமளே கொடுக்கலாம். ரீஃபண்ட்னா "இந்த டிக்கெட் நம்பர்" தான் ஐடி. அதே ஐடியில ரெண்டாவது தடவை கூப்பிட்டா புதுசா எதுவும் ஓடாது, பழைய வொர்க்ஃப்ளோவோட விடைதான் வரும். அன்னிக்கு எனக்கு இது மட்டும் இருந்திருந்தா பாதி பிரச்சினை வந்திருக்காது.

இங்கே ஒரு கண்டிஷன் இருக்கு. வொர்க்ஃப்ளோ ஃபங்ஷன் எத்தனை தடவை ஓடினாலும் ஒரே பாதையில போகணும். உதாரணத்துக்கு, "இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமைன்னா எஸ்எம்எஸ் வேண்டாம்"னு நேரா உள்ளேயே தேதி பார்த்து எழுதிட்டீங்க. சனி ராத்திரி 11:58க்கு ஓடினப்போ ஒரு பாதை, 12:05க்கு மறுபடி எழுந்தப்போ வேற பாதை. நோட்டுல இருக்கிறதும் ஓடுறதும் பொருந்தாது. அதனால தேதி பார்க்கிறது, ரேண்டம் நம்பர் எடுக்கிறது, வெளி ஏபிஐ கூப்பிடுறது எல்லாமே ஸ்டெப்புக்குள்ளதான் இருக்கணும். அப்போ அந்த விடையும் நோட்டுல ஏறிடும்.

"ஒரே ஒரு தடவை" என்கிற ஏமாற்று

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. இதை விட்டுட்டு லைப்ரரியைப் போட்டா, என் கதை உங்களுக்கும் நடக்கும்.

ரீஃபண்ட் ஸ்டெப் ஓடுது. கேட்வே பணத்தை அனுப்பிடுச்சு. அந்த விடை போஸ்ட்கிரெஸ்ல ஏறுறதுக்கு முன்னாடி, அந்த ஒரு நொடியில சர்வர் போயிடுச்சு. நோட்டுல வரி இல்லை. எழுந்த உடனே ஸ்டெப் மறுபடி ஓடும், மறுபடி பணம் போகும். வெளி உலகத்தைத் தொடுற ஸ்டெப்புக்கு எந்த இன்ஜினும் தர முடிஞ்ச உத்தரவாதம் "குறைஞ்சது ஒரு தடவை"தான். ஸ்டெப் செய்ற வேலையே அதே போஸ்ட்கிரெஸ்ல எழுதுறதுன்னா மட்டும், வேலையும் பதிவும் ஒரே டிரான்ஸாக்ஷன்ல கமிட் ஆகும். அங்கே "ஒரே தடவை" நிஜம்.

அப்போ கேட்வேக்கு என்ன பண்றது? ஐடெம்பொட்டன்சி கீ அனுப்பணும். வொர்க்ஃப்ளோ ஐடியில இருந்தே அந்த கீயை உருவாக்குங்க. அதே கீ ரெண்டாவது தடவை வந்தா, கேட்வே பணம் அனுப்பாம பழைய பதிலையே தரும். இதுலயும் ஒரு காலக்கெடு உண்டு. ஸ்ட்ரைப் அந்த கீயை 24 மணி நேரம் ஆன பிறகு அழிச்சிடலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. உங்க சர்வர் வெள்ளிக்கிழமை விழுந்து திங்கட்கிழமை எழுந்தா அந்தக் கீயை நம்ப முடியாது. அதனால பணம் விஷயத்துல நான் இப்போ ஸ்டெப்போட முதல் வரியிலயே கேட்வேகிட்ட "இந்த டிக்கெட்டுக்கு ஏற்கெனவே ரீஃபண்ட் போயிருக்கா?"ன்னு கேட்டுட்டுத்தான் அனுப்புறேன்.

புதுசா வந்ததுல எனக்குப் பிடிச்சவை

முதல்ல கியூ. ஆயிரம் ரீஃபண்டை ஒரே நேரத்துல தட்டிவிட்டா கேட்வே நம்மளைத் தடுத்துடும். கியூல "மொத்தமா ஒரே சமயத்துல இத்தனைதான் ஓடணும்", "ஒரு சர்வர்ல இத்தனைதான்", "30 நொடியில 50தான் ஆரம்பிக்கணும்" இப்படி எல்லாம் சொல்லலாம். அவசரமானதை முன்னாடி தள்ள பிரையாரிட்டியும் உண்டு. இதுக்கும் ரெடிஸ், ரேபிட்எம்க்யூ எதுவும் வேண்டாம், போஸ்ட்கிரெஸ் டேபிள்தான் கியூ. ஒருத்தர் எடுத்த வரிசையை இன்னொருத்தர் தொடாம தாண்டிப் போற ஸ்கிப் லாக்டு வசதி 2016ல போஸ்ட்கிரெஸ் 9.5ல வந்தது. டேபிளையே கியூவா வெச்சுக்க அதுதான் வழி திறந்து விட்டது.

அடுத்து டியூரபிள் ஸ்லீப். "மூணு நாள் கழிச்சு பணம் போய்ச் சேர்ந்ததான்னு பாரு"ன்னு வொர்க்ஃப்ளோ நடுவுலயே எழுதலாம். எழுந்திருக்க வேண்டிய நேரம் டேட்டாபேஸ்ல ஏறிடும். நடுவுல பத்து தடவை டெப்ளாய் பண்ணினாலும் சரியான நேரத்துக்கு எழும்.

மூணாவது ஃபோர்க். ரெண்டாவது ஸ்டெப்ல பக் இருந்து 40 வொர்க்ஃப்ளோ தோத்துப் போச்சுன்னு வைங்க. பக்கை சரி பண்ணிட்டு, அந்த 40ஐயும் ரெண்டாவது ஸ்டெப்ல இருந்து மட்டும் புது ஐடியில கிளை பிரிச்சு ஓட்டலாம். முதல் ஸ்டெப்போட விடைகள் அப்படியே கூட வரும், பணம் மறுபடி போகாது. நான் கையால டேபிளைத் திருத்தின அந்தக் காலையை நினைச்சா, இந்த ஒரு வசதிக்கே கும்பிடலாம்.

பைத்தான்ல இப்போ எஸ்க்யூலைட்லயும் ஓடும். லேப்டாப்ல விளையாடிப் பார்க்க போஸ்ட்கிரெஸ் கூட வேண்டாம். புரொடக்ஷனுக்கு மட்டும் போஸ்ட்கிரெஸே வெச்சுக்குங்க.

அப்கிரேட் பண்ணும்போது காலை வாரும் இடம்

எல்லாரும் முழிக்கிற இடம் இது. பக்கை சரி பண்ணி டெப்ளாய் பண்ணியாச்சு, ஆனா பாதியில நிக்கிற பழைய வொர்க்ஃப்ளோ நகரவே மாட்டேங்குது. ஏன்?

உங்க வொர்க்ஃப்ளோ கோடை வெச்சு லைப்ரரி ஒரு வெர்ஷன் கணக்கிடும், ஒவ்வொரு வொர்க்ஃப்ளோ மேலயும் அந்த முத்திரை இருக்கும். ஒரு வெர்ஷன்ல ஆரம்பிச்சதை அதே வெர்ஷன் சர்வர்தான் மீட்டு எடுக்கும். இது வேணும்னே பண்ணினது. ரீஃபண்டுக்கும் டேட்டாபேஸ்ல எழுதுறதுக்கும் நடுவுல புதுசா ஒரு மோசடி சோதனை ஸ்டெப்பைச் செருகினீங்கன்னா, பழைய நோட்டுல ரெண்டாவது வரி ஒண்ணு சொல்லும், புது கோடு வேற ஒண்ணு சொல்லும். தப்பா ஓடுறதுக்குப் பதிலா நிக்கிறது மேல்.

வழி மூணு இருக்கு. பழைய வெர்ஷன் சர்வரை, அதோட வேலை தீருற வரைக்கும் பக்கத்துலயே ஓட விடுறது ஒண்ணு. குட்டி வொர்க்ஃப்ளோன்னா இதுவே போதும். ரெண்டாவது, பேட்ச். கோடுக்குள்ள "இந்தப் பேட்ச் இருக்கா?"ன்னு கேட்கலாம். புதுசா அந்த இடத்துக்கு வர்ற வொர்க்ஃப்ளோவுக்கு ஆமாம்னு சொல்லும், அந்த இடத்தை ஏற்கெனவே தாண்டினதுக்கு இல்லைன்னு சொல்லும். பழசு எல்லாம் முடிஞ்ச பிறகு அந்த இஃப் கிளையை எடுத்துடலாம். இதுக்கு செட்டிங்ல முதல்லயே ஆன் பண்ணியிருக்கணும். மாசக்கணக்குல தூங்குற வொர்க்ஃப்ளோவுக்கு இதுதான் சரி. மூணாவது, மேலே சொன்ன ஃபோர்க். நின்னதை எல்லாம் புது வெர்ஷனுக்குக் கிளை பிரிச்சு விடுறது.

உங்களுக்கு வேணுமா?

ஒரே ஒரு ஸ்டெப் வேலை, தோத்தா மறுபடி ஓட்டினா நஷ்டமில்லைன்னா, இது தேவையே இல்லை. சாதாரண கிரான் போதும். நொடிக்கு ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி வேலைன்னாலும் யோசிங்க. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு டேட்டாபேஸ் எழுத்து இருக்கு, அது சும்மா வராது. ஆனா பணம், ஆர்டர், ஆவணம், நடுவுல நின்னா ஒரு மனுஷன் போன் பண்ணுவார்ங்கிற எதுவா இருந்தாலும், உடனே எழுதுற நோட்டு ஒண்ணு வேணும்.

அந்த அக்காவுக்குப் பணம் போய்ச் சேர ஆறு நாள் ஆச்சு. கேட்வே அறிக்கையையும் எங்க டேபிளையும் எக்செல்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு, வரி வரியா நான்தான் ஒப்பிட்டேன். அவங்களுக்குப் போன் பண்ணி, "அனுப்பிட்டேன்க்கா"ன்னு சொன்னேன். "இந்தத் தடவை நிஜமாவா?"ன்னு கேட்டாங்க. அன்னியில இருந்து "முடிஞ்சது"ன்னு ஒரு வரி எழுதுறப்போ எல்லாம் அந்தக் குரல்தான் காதுல கேட்குது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் உங்க பழைய ஸ்கிரிப்ட் ஒண்ணை நடுவுல கண்ட்ரோல் சி போட்டு நிறுத்திப் பாருங்க. டெஸ்ட் சர்வர்ல மட்டும், ப்ளீஸ்!