கதை ஒருவருடையது, சவாரி மற்றொருவருடையது

கொட்டிவாக்கத்தைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்பவர், ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி.யையும் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டையும் காண்கிறார். விடுமுறை என்றால் இவையே என்று சென்னைவாசிகள் நெடுங்காலம் எண்ணியிருந்த இந்தக் கேளிக்கை ஸ்தலங்களின் கவர்ச்சி, ராட்டினத்தின் உயரத்தையும் நீர்ச்சறுக்கின் வேகத்தையும் பெரும்பாலும் சார்ந்திருக்கிறதேயன்றி, ஹாலிவுட் கதாநாயகர்களைச் சார்ந்திருக்கவில்லை. ஆனால் அதே சென்னைவாசிகள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் விமானம் ஏறிச் செல்லும்போது காண்பது வேறு வகையான பூங்கா. அங்கே யந்திரத்தைவிட அதன்மேல் போர்த்தப்பட்ட கதைக்கே மதிப்பு அதிகம். அந்தக் கதையோ, பெரும்பாலும், பூங்காவை நடத்துபவருக்குச் சொந்தமானதன்று. லைசென்ஸ் என்னும் வாடகைப் பத்திரத்தின் பேரில் வந்து குடியிருக்கும் அக்கதையின் சொந்தக்காரர், தம் ஸ்தாபனத்தையே வேறொருவருக்கு விற்றுவிட்டால், கோடிக்கணக்கில் செலவிட்டு எழுப்பிய சவாரியின் கதி என்ன?

ஏரியா உரிமை போல

இத்தகைய ஒப்பந்தத்தில், எந்தப் பாத்திரங்கள், எந்தப் பிரதேசத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தத் தரத்தில், எவ்வளவு ராயல்டிக்கு என்பவை ஷரத்து ஷரத்தாக எழுதப்படுகின்றன. ஒரே திரைப்படத்தை என்.எஸ்.சி., எம்.ஆர்., டி.கே. என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்று, ஒரு விநியோகஸ்தரின் எல்லைக்குள் மற்றொருவர் படத்தை ஓட்டக்கூடாது என்று நம் தமிழ்ப்பட வியாபாரிகள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் முறைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இதற்கு உலகறிந்த உதாரணம் மார்வெல். 1994-ல், சித்திரக்கதைப் பிரசுரத்தால் அறியப்பட்ட அந்நிறுவனம், யுனிவர்சல் பூங்காக்களின் அன்றைய தாய் நிறுவனமான எம்.சி.ஏ.வுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பலனாக 1999-ல் ஃபுளோரிடா மாகாணத்து ஆர்லாண்டோவில் ஸ்பைடர்மேன் சவாரி திறக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு மார்வெலையே வாங்கியது. எனினும் வாங்கியவர் சொத்தோடு வில்லங்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதற்கேற்ப, பழைய ஒப்பந்தம் அப்படியே நின்றது. யுனிவர்சல் உபயோகித்துவரும் மார்வெல் பாத்திரங்களை, அமெரிக்காவில் மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே உள்ள தன் பூங்காக்களில் டிஸ்னி நிறுத்த முடியாது. ஆகவேதான் கலிபோர்னியாவில் 2021-ல் அவெஞ்சர்ஸ் வளாகத்தைத் திறந்த அதே டிஸ்னி, ஆர்லாண்டோவில் அதைச் செய்யாமல், யுனிவர்சல் கையாளாத ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ பாத்திரங்களை மட்டும் 2022-ல் எப்காட் பூங்காவில் இறக்கியது. ஜப்பானின் ஒசாகா நகரிலோ, யுனிவர்சல் பூங்காவில் பல்லாண்டு ஓடிய ஸ்பைடர்மேன் சவாரி 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆர்லாண்டோவில் இன்றும் ஓடும் அதே ஸ்பைடர்மேன், ஒசாகாவில் ஓய்வு பெற்றுவிட்டான்.

ஜென்டிங் மலையில் நேர்ந்தது

மார்வெல் விஷயத்தில் ஒப்பந்தம் பிழைத்தது. ஒப்பந்தம் முறிந்த கதை நமக்கு இன்னும் அருகில், கோலாலம்பூரை அடுத்த ஜென்டிங் மலையில் நடந்தது. அங்கே சூதாட்ட விடுதி நடத்திவரும் ஜென்டிங் மலேசியா நிறுவனம், ட்வென்டியெத் சென்ச்சுரி ஃபாக்ஸுடன் சேர்ந்து, ஃபாக்ஸின் பெயரையே தாங்கிய உலகின் முதல் தீம் பார்க்கை அமைக்கப்போவதாக 2013-ல் அறிவித்தது. கட்டுமானம் நீண்டது; திறப்பு விழாவுக்குக் குறித்த தேதிகள் கடந்தன. இதற்கிடையில் 2017 டிசம்பரில், ஃபாக்ஸின் பெரும்பகுதியை வாங்க டிஸ்னி உடன்பாடு செய்துகொண்டது.

மறு ஆண்டு நவம்பரில் ஃபாக்ஸ், ஒப்பந்தம் ரத்தாகிவிட்டதென்று அறிவித்தது. ஜென்டிங் உடனே கலிபோர்னியாவில் ஃபாக்ஸ், டிஸ்னி இரண்டின் மீதும் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது. குடும்பங்களை நம்பிப் பிழைக்கும் டிஸ்னிக்குச் சூதாட்ட விடுதியின் பக்கத்தில் தன் பெயர் அடிபடுவது பிடிக்கவில்லை, அதன் தூண்டுதலால்தான் ஒப்பந்தம் முறிந்தது என்பது ஜென்டிங்கின் குற்றச்சாட்டு. ஜென்டிங்தான் தன் கடமைகளையும் கெடுக்களையும் தவறவிட்டது என்பது ஃபாக்ஸின் மறுப்பு. எது மெய் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அவசியம் நேரவில்லை. 2019 மார்ச்சில் 7,100 கோடி டாலர் மதிப்புள்ள டிஸ்னி–ஃபாக்ஸ் கிரயம் முடிந்தது. ஜூலையில் வழக்கு சமரசமாயிற்று. 2022 பிப்ரவரியில் பூங்கா ‘ஜென்டிங் ஸ்கைவேர்ல்ட்ஸ்’ என்ற பெயரில் திறக்கப்பட்டபோது, முகப்பில் ஃபாக்ஸின் பெயர் இல்லை. ஆனால் ‘ஐஸ் ஏஜ்’, ‘ரியோ’ முதலிய ஃபாக்ஸ் படங்களின் கதைகள் சமரசத்தின்படி உள்ளே இருந்தன.

தமிழ்நாட்டு வாசகர் இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மலேசியாவின் மலையுச்சியில் பூங்காவின் பெயரை மாற்றிய அதே கிரயத்தின் ஒரு பகுதியாகத்தான் ஸ்டார் இந்தியாவும், அதன் மூலம் நம் வரவேற்பறை விஜய் டி.வி.யும் 2019-ல் டிஸ்னியின் வசமாயின. 2024 நவம்பரில் ஸ்டார் இந்தியா, ரிலையன்ஸின் வயாகாம்18-உடன் இணைந்தது. ஒரு பெரும் இணைப்பு நடக்கும்போது பத்திரிகைகள் சேனல்களையும் கிரிக்கெட் ஒளிபரப்பையுமே கணக்கிடுகின்றன. பூங்கா உரிமைகளும் அதே பத்திரத்தில் கைமாறுவது வெளியே தெரிவதில்லை.

ஒரே வீட்டுக்குள் போட்டி

இணைப்பு என்றாலே சங்கடம் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஜென்டிங் குழுமமே லைசென்ஸ் பெற்றுச் சிங்கப்பூர் செந்தோசாத் தீவில் நடத்தும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், 2010-ல் தொடங்கியபோது, ‘ஷ்ரெக்’, ‘மடகாஸ்கர்’ கதைகளின் சொந்தக்காரரான டிரீம்வொர்க்ஸ் அனிமேஷன் தனி நிறுவனம். 2016-ல் யுனிவர்சலின் உரிமையாளரான காம்காஸ்ட் 380 கோடி டாலருக்கு அதை வாங்கியதும், பூங்காவின் பெயரும் அக்கதைகளும் ஒரே வீட்டுச் சொத்தாயின. ஆயினும் அது மடகாஸ்கர் பகுதியைக் காப்பாற்றிவிடவில்லை. 2022-ல் அது மூடப்பட்டு, அவ்விடத்தில் 2025 பிப்ரவரியில் மினியன் லாண்ட் திறக்கப்பட்டது. மினியன்களும் யுனிவர்சல் வீட்டுப் பிள்ளைகளே. வெளியாரோடு இருந்த பேரம் முடிந்தபின், எந்தப் பாத்திரம் கூட்டத்தை அதிகம் இழுக்கிறது என்ற போட்டி உள்வீட்டில் தொடங்கிவிடுகிறது என்பதே இதன் தாத்பரியம்.

நம் நாட்டு அனுபவம்

இந்தியாவில் இத்துறையின் பரிசோதனைக்கூடம் மும்பை–புணே வழியில் கோபோலியிலுள்ள இமேஜிகா. அட்லாப்ஸ் திரைப்பட நிறுவனத்தை 2005-ல் அனில் அம்பானியின் ரிலையன்ஸுக்குக் கைமாற்றிய மன்மோகன் ஷெட்டி, 2013-ல் திறந்த பூங்கா அது. போனி கபூர் தயாரித்த ‘மிஸ்டர் இந்தியா’ படத்தின் பேரால் அங்கே ஒரு சவாரி உண்டு; பல சவாரிகளுக்கோ நிறுவனமே சொந்தக் கற்பனையை வடித்துக்கொண்டது. கடன் சுமை ஏறி, 2022-ல் பூங்கா மால்பானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. கதையை இரவல் கொடுத்தவர் மாறுவது ஒரு சங்கடம். இரவல் வாங்கியவர் மாறுவது இன்னொரு சங்கடம். கற்பனை சொந்தமாயிருந்தால், பூங்கா யார் கைக்குப் போனாலும் அது கூடவே போகும். ‘ஷோலே’, ‘டான்’, ‘லகான்’ என்று பல தயாரிப்பாளர்களின் படங்களை ஒரே கூரையின்கீழ் சேர்த்து 2016-ல் துபாயில் தொடங்கிய பாலிவுட் பார்க்ஸோ, 2023-ல் மூடப்பட்டது.

நம் சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், பிரதேசம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளவேண்டும். லைசென்சுக்கும் இவ்விதி பொருந்தும். ஐந்தாண்டில் காலாவதியாகிவிடும் கதையை நம்பி இருபதாண்டு உழைக்கவேண்டிய இரும்புச் சட்டகத்தை எழுப்புவது விவேகமாகாது.

சென்னைப் பூங்காக்கள் வேறு வழியில் நடந்தவை. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், தாம்பரத்தருகே 1995-ல் அமைத்த பூங்காவுக்கு இராமாயணத்து வானர ராஜ்ஜியத்தின் பெயரையே தேர்ந்து ‘கிஷ்கிந்தா’ என்று சூட்டினார். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா, தன் பெரிய ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சையை நினைவூட்டும் ‘தஞ்சோரா’ என்ற பெயரைக் கொடுத்திருக்கிறது. வால்மீகிக்கும் இராஜராஜனுக்கும் ராயல்டி செலுத்தவேண்டியதில்லை. அவர்களை எந்தக் கம்பெனியும் விலைக்கு வாங்கிவிட முடியாது. ஆனால் பொதுச்சொத்தில் பாதுகாப்பு இருக்கும் அளவுக்குத் தனிப்பாத்தியதை இல்லை. அடுத்த மைலில் மற்றொருவர் கிஷ்கிந்தையின் கதையையே வைத்து ஒரு சவாரி கட்டினால், கதை எங்களுடையது என்று தடுக்க இயலாது.

ஆகவே, பிரசித்தமான பாத்திரத்தை இரவல் வாங்க விரும்பும் பூங்கா முதலாளி, சவாரியின் வரைபடத்தைப் பார்க்குமுன் ஒப்பந்தத்தில் மூன்று ஷரத்துக்களைப் பார்க்கக் கடவர்: கதையின் சொந்தக்காரர் மாறினாலும் வாரிசு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் ஷரத்து, யந்திரத்தின் ஆயுளுக்கு ஈடான கால ஷரத்து, உரிமை முறிந்தால் வேடத்தை மாற்றிச் சவாரியைத் தொடர்வதற்கான செலவை யார் ஏற்பது என்ற ஷரத்து. இம்மூன்றையும் எழுதி வாங்க இயலாதவருக்குச் சொந்தக் கற்பனையே சிக்கனமான வழி.