அறளை பெயர்வதும் எங்கள் சாப்பாட்டுக் கோப்பையும்

எங்கள் பரந்தன் பக்கம் வயதானவர் ஒருவர் சாப்பிட்டதை மறந்து திரும்பவும் சோறு கேட்டால், "அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் மறதிநோய் என்பது மூளையைத் தாக்கும் நோய். முதுமை வந்தால் கட்டாயம் வருவதல்ல.

சாப்பாட்டால் தடுக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வல்லாரையைத்தான் சொல்கிறார்கள். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடுதான். ஆனால் அது மறதிநோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அமெரிக்காவில் கீரை, பயறு பருப்பு, தீட்டாத தானியம், மீன் அதிகமாகவும் வெண்ணெய், பொரியல், இனிப்பு குறைவாகவும் உள்ள 'மைண்ட்' உணவுமுறையை 604 பேரிடம் 3 வருடங்கள் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவில், ஒப்பிட்ட மற்றக் குழுவுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல பத்தாண்டுகளாக வளரும் நோய்க்கு 3 வருடம் போதாது என்பது என் எண்ணம். பின்லாந்தில் சாப்பாட்டோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிறசர் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தபோது பலன் தெரிந்தது.

சாப்பாடு முக்கியமாக உதவுவது இரத்தக் குழாய்கள் வழியாகத்தான். உயர் பிறசரும் சலரோகமும் மூளையின் சிறிய குழாய்களைப் பழுதாக்குகின்றன. ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான்: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நாலு தரம் குடிக்கும் தேத்தண்ணியின் சீனியையும் எண்ணிப் பாருங்கள். முருங்கையிலை, பொன்னாங்கண்ணி, குரக்கன் புட்டு, மொட்டைக்கறுப்பன் சோறு, சூடை மீன்: விலை கூடிய ரின் மாவுகளை விட இவை மேல்.

ஆனால் எங்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. 2024இல் லான்செட் ஆணைக்குழு பட்டியலிட்ட 14 ஆபத்துக் காரணிகளில் தலைக்காயம், காது கேளாமை, மனச்சோர்வு, தனிமை நான்கும் உண்டு. ஷெல்லுக்குள் வாழ்ந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்து, தனித்துப்போன முதியவர்களுக்கு இவற்றில் எத்தனை பொருந்தும்! அவர்களோடு ஒரு நேரமாவது சேர்ந்திருந்து சாப்பிடுங்கள்.

மறதி எல்லாமே மறதிநோய் அல்ல. விற்றமின் பி12 குறைவும் தைரொயிட் குறைபாடும் மறதியைத் தரும். அவற்றுக்கு மருந்து உண்டு. மச்சம் சாப்பிடாதவர்களுக்கும், சலரோகத்துக்கு நெடுநாள் மெற்போமின் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.